ஓர்க்குகள் பச்சையான கதை

டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில் வரும் ஓர்க்குகள் பச்சை நிறத்தவர் அல்லர். கறுத்த, மங்கிய தோலினராகவே அவர் அவர்களைப் படைத்தார். ஆனால் கணினி விளையாட்டுகளோடு வளர்ந்த இளைஞனிடம் ஓர் ஓர்க்கை வரையச் சொல்லிப் பாருங்கள். தயங்காமல் பச்சைப் பென்சிலை எடுப்பான். இந்தப் பச்சை நாவலிலிருந்து வந்ததன்று. கட்டைவிரல் உயரமே உள்ள உலோகப் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டியவர்களின் மேசையிலிருந்தே அது பெரிதும் பரவியது.

என் மாணவர் ஒருவர் அத்தகைய பொம்மை ஒன்றையும் இரண்டு தூரிகைகளையும் கொண்டுவந்து கொடுத்த நாளிலிருந்துதான் இந்த வரலாற்றில் எனக்கு ஈடுபாடு. அதற்கு முன் இதைச் சிறுபிள்ளை விளையாட்டென்றே எண்ணியிருந்தேன்.

1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. ஈயம் குறைவாகச் செலவானதால் விலையும் குறைந்தது. 1913இல் ஹெச்.ஜி.வெல்ஸ் இத்தகைய பொம்மைகளை வைத்துப் போர் விளையாடுவதற்கு ‘லிட்டில் வார்ஸ்’ என்ற விதிநூலை எழுதினார். இந்தச் சிப்பாய்களின் நிறம் ஆவணம் சார்ந்தது. எந்தப் படைப்பிரிவின் காலர் மஞ்சள், எதன் கைப்பட்டை நீலம் என்பதைச் சீருடைப் படங்களைப் பார்த்துத்தான் தீட்ட வேண்டும். இங்கே பிழை இருக்கலாம். பரிசோதனைக்கு அதிக இடமில்லை.

டிராகனுக்குச் சீருடைப் படம் ஏது? 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் வெளியிட்ட ‘செயின்மெயில்’ என்னும் இடைக்காலப் போர் விளையாட்டின் பின்னிணைப்பில் மாயப் பிறவிகள் களத்தில் இறங்கின. 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் சேர்ந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ கொண்டுவந்தனர். அதில் சிவப்பு டிராகன் நெருப்பை உமிழும், வெள்ளை உறைகுளிரை, நீலம் மின்னலை, கறுப்பு அமிலத்தை. ஆவணத்திலிருந்து விடுபட்ட நிறம் உடனே வேறோர் இலக்கணத்துக்குள் நுழைந்துவிட்டது எனலாம்.

இங்கிலாந்தில் 1975இல் தொடங்கப்பட்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப், 1979இல் உருவான சிட்டடெல் மினியேச்சர்ஸ், 1983இல் வந்த ‘வார்ஹாமர்’ ஆகிய மூன்றின் வழியாகப் பச்சை ஓர்க் நிலைபெற்றது. ஏன் பச்சை? எனக்குத் தோன்றும் காரணம் கண் சார்ந்தது. ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மையில் முகம் ஒரு பயற்றின் அளவு. கைநீள தூரத்தில் அது மனிதனா ஓர்க்கா என்று சொல்ல வேண்டியது நிறம்தான்.

இதற்கான விடை ஒரு நெசவுக்கூடத்தில் முன்பே கிடைத்திருந்தது. பாரீஸின் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப்பிரிவின் இயக்குநராக 1824இல் பொறுப்பேற்ற வேதியியலாளர் ஷெவ்ரூல், கறுப்புச் சாயம் வலுவிழந்து தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை; பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்களே கறுப்பை மாற்றிக் காட்டின. அருகருகே வைத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றும் விதத்தை 1839இல் நூலாக்கினார். பச்சைத் தோலின் அருகே சிவப்புத் துணியைத் தீட்டினால் இரண்டுமே கூர்மையடைவது இவ்விதியால்தான். தொண்ணூறுகளின் வார்ஹாமர் படைகள் ஏன் அப்படிச் சிவந்து கிடந்தன என்பது இதைப் படித்தபின் எனக்கு விளங்கியது.

பரிசோதனையின் நுட்பம் நிழலிலும் ஒளியிலும் இருக்கிறது. சிவப்பின் நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் சேறாகிறது. துளி பச்சையோ ஊதாவோ கலந்தால் ஆழம் பெறுகிறது. ஒளிக்கு வெள்ளையைக் கலந்தால் ரோஜா நிறமாகிவிடும், ஆகவே ஆரஞ்சை நாடுகிறார்கள். சிறிய உருவத்தில் இயற்கை ஒளி போதாது. மடிப்புகளின் இருட்டையும் மேடுகளின் வெளிச்சத்தையும் வர்ணமே நடிக்க வேண்டும்.

ஆனால் விடுதலை நீடித்ததா? 1987இல் வந்த ‘வார்ஹாமர் 40,000’ஐ ஒட்டிப் புதிய சீருடைகள் தோன்றின. அல்ட்ராமரீன் என்றால் நீலம், பிளட் ஏஞ்சல் என்றால் சிவப்பு. வர்ணக்குப்பிகளின் பெயரே ‘காப்ளின் கிரீன்’ என்றானது. பொம்மை நிற்கும் அடித்தட்டுக்குக்கூட அந்தப் பச்சைதான். (2012இல் நிறுவனம் பெயர்களை மாற்றியபோது பழைய குப்பிகளுக்காக ஏங்கியவர்கள் உண்டு.) வெலிங்டனின் படைக்கு இருந்த கட்டுப்பாடு, இல்லாத படைக்கும் வந்து சேர்ந்தது. கற்பனைக்கு ஆவணம் தேவையில்லை என்று தொடங்கியவர்கள் தாமே ஆவணம் தயாரித்துக்கொண்டார்கள்.

எதிர்த்திசையில் சென்றவர் அதே நிறுவனத்தின் ஓவியர் ஜான் பிளான்ஷ். துருவும் பழுப்பும் மங்கிய சிவப்புமாக, மிகச் சில நிறங்களையே கொண்டு அவர் தீட்டிய உருவங்கள் பிரகாசப் படைகளுக்கு நடுவே புழுதியிலிருந்து எழுந்தவை போலிருந்தன. குறைத்துக்கொண்ட நிறங்களில்தான் அதிக துணிச்சல் இருந்ததென்பேன். 2019இல் வந்த ‘கான்ட்ராஸ்ட்’ வர்ணங்கள் நிழலையும் ஒளியையும் ஒரே பூச்சில் தருகின்றன. வசதிதான். எனினும் பள்ளத்தில் எந்த நிறம் தங்க வேண்டும் என்ற கேள்வியை அவை குப்பியிலேயே முடித்துவிடுகின்றன.

என்னிடம் வந்த பொம்மைக்கு நான் டோல்கீனை நினைத்துக் கறுத்த மண்ணிறம் பூசி, கன்ன எலும்பில் மட்டும் வெளிறிய சாம்பலை ஏற்றினேன். மூன்று மாலைப்பொழுதுகள் ஆயின. மாணவர் அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாயிருக்கு சார். ஆனா இது யாரு?”