சக்கரக்குழியும் சங்கிலியும்

சங்கரன்கோவில்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஆடித்தபசு, புற்றுமண், அப்புறம் (கோவிலுக்குச் சம்பந்தமே இல்லாத) பிரியாணி. கோமதியம்மன் சன்னதிக்கு முன்னாடி ஒரு சக்கரக்குழி இருக்கு. திருவாவடுதுறை ஆதீனத்து வேலப்ப தேசிகர் அமைத்தது என்பார்கள். மனநிலை சரியில்லாதவங்களை அதில உட்கார வைக்கிறது தலைமுறைகளா நடக்கிற வழக்கம்.

"சுத்த மூடநம்பிக்கை"ன்னு ஒரு கோஷ்டி. "எங்க சித்தப்பாவுக்குக் குணமாச்சே"ன்னு இன்னொரு கோஷ்டி. இதைப் போய் அளந்துதான் பார்ப்போமேன்னு ஒரு குழு கிளம்பிச்சு. அவங்க போனது சங்கரன்கோவிலுக்கு இல்லை, தமிழ்நாட்டிலேயே வேலாயுதம்பாளையம்புதூர்ங்கிற கிராமத்து முத்துசாமி கோவிலுக்கு.

வருசம் 2000. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ரகுராமும் சகாக்களும், கோவிலில் தங்க வந்த 31 பேரைக் கவனித்தார்கள். பெரும்பாலானவங்களுக்கு மனச்சிதைவு நோய். சராசரியா ஆறு வாரம் தங்கினாங்க. மருந்து கிடையாது, பேயோட்டுறது கிடையாது. காலையில எளிய பூஜை, அப்புறம் கோவிலைப் பெருக்குறது, செடிக்குத் தண்ணி ஊத்துறது. வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே இருப்பார். வந்தப்பவும் கிளம்புறப்பவும் நோயின் தீவிரத்தை மதிப்பெண் போட்டுப் பார்த்தாங்க. 52.9 இருந்தது 42.9 ஆகக் குறைஞ்சிருந்தது. கிட்டத்தட்ட 19 சதவீதம்! பல மருந்துகள் தர்ற முன்னேற்றத்துக்கு இது சமம்னு எழுதினாங்க. காரணமா அவங்க சொன்னது சாமியை இல்லை. பயமுறுத்தாத, ஆதரவான சூழலை.

பொட்டி தட்டுறவனா எனக்கு உடனே ஒரு சந்தேகம். கோடை மாத்தினதால சரியாச்சா, இல்லை ரீஸ்டார்ட் பண்ணினதால சரியாச்சா? கோவிலுக்கு வராத இன்னொரு குழுவோட ஒப்பிடலையே! 31 பேர்ங்கிறது சின்ன எண்ணிக்கையும்கூட. அதனால இதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திடாதீங்க சாமி.

அந்தக் கட்டுரை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது ஜூலை 2002. நடுவுல நடந்ததுதான் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்காவை நம்பி வந்தவங்களை வைத்துத் தனியார் நடத்திய ஒரு காப்பகத்துக் கொட்டகையில தீ. சங்கிலியில கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியாம 28 பேர் செத்துப் போனாங்க. ஒரே வாரத்தில் அப்படிப்பட்ட காப்பகங்களை அரசு மூடியது. 500-க்கும் மேற்பட்டவங்க அரசுப் பொறுப்புக்கு வந்தாங்க.

ரெண்டு ஊர்லயும் நம்பிக்கை ஒண்ணுதான். அங்கே பக்கத்தில் சொந்தக்காரர் இருந்தார். இங்கே காசு கட்டிட்டு விட்டுட்டுப் போயிட்டாங்க, பக்கத்தில் சங்கிலிதான் இருந்துச்சு. என்னைப் பொறுத்தவரை பகுத்தறிவா பக்தியாங்கிற சண்டையைவிட இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

2017-ஆம் வருச மனநலச் சட்டம் சங்கிலியில கட்டுறதை எந்த வடிவத்திலும் தடை செய்யுது. 2010-களில் ஏர்வாடி தர்கா பக்கத்திலேயே 'தவா–துவா' (மருந்தும் பிரார்த்தனையும்) திட்டத்தில் அரசு மருத்துவர்கள் உட்கார ஆரம்பிச்சாங்க. கும்பிட வர்றவங்களைத் திட்டி விரட்டாம, அவங்க வர்ற இடத்துக்கே டாக்டர் போறது எனக்குச் சரியாப் படுது.

நம்ம கோமதியம்மன் சன்னதிக்குக் கூட்டிட்டுப் போறவங்க தாராளமா போங்க. அப்படியே அரசு ஆஸ்பத்திரிக்கும் ஒரு நடை. நேர்ல போகத் தயக்கமா இருந்தா 14416-க்குப் போன் பண்ணலாம், 2022-லிருந்து இருக்கு, காசு கிடையாது. முக்கியமா, போற இடம் எதுவானாலும் அவங்களைத் தனியா விட்டுட்டு மட்டும் வந்துடாதீங்க.