யாழ்ப்பாணக் குடாநாடு: மக்கள் பரம்பலும் இடப்பெயர்வும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மழைநீரைக் கிணறு வெட்டி இறைத்துத்தான் இங்கு வாழ்வு நடந்தது. அதனால் நல்ல தண்ணீரும் செம்மண்ணும் சேர்ந்த இடங்களில் குடிமனைகள் நெருங்கின. குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்தில் சுன்னாகம், இணுவில், கோண்டாவில் என ஊரெல்லை தெரியாதபடி வீடுகளும் புகையிலை, வெங்காயத் தோட்டங்களும் தொடர்கின்றன. மணல்மேடுகள் நிறைந்த வடமராட்சி கிழக்கிலோ குடிகள் குறைவு.

தலைமுறைதோறும் காணி துண்டாகப் பிரிந்தது. தோட்டம் எல்லோருக்கும் போதவில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியும் பின்வந்த கல்லூரிகளும் வேறு வழி திறந்தன. ஆங்கிலம் படித்த இளைஞர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவின் ரயில்வேக்கும் அரச கந்தோர்களுக்கும் கிளாக்கர்களாகப் போனார்கள். தீவுப்பகுதியார் தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்தார்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் காணி பெற்றவர்கள் கிளிநொச்சியில் குடியேறினார்கள்.

அரச படைகளுக்கும் தனிநாடு கோரிய விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் கொண்டுவந்த வெளியேற்றம் இவற்றோடு சேர்த்து எண்ணத் தக்கதல்ல. 1983 யூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலில் உயிர் தப்பியவர்கள் கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கினார்கள். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். பலர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். குடாநாட்டின் குடிசன வரலாற்றில் இதை ஒரு வரிக் குறிப்பாகக் கடந்துபோவது அநீதி. பல தலைமுறையாக வாழ்ந்த ஒரு சமூகம் வீடு, கடை, பள்ளிவாசல் அனைத்தையும் விட்டுப் போனது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து நடந்தது. இராணுவம் முன்னேறிக்கொண்டிருக்க, ஊரை விட்டு வெளியேறும்படி புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கொட்டும் மழையில், முதியோரையும் குழந்தைகளையும் சுமந்துகொண்டு, சில இலட்சம் பேர் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நகர்ந்தனர். 1996இல் பலர் திரும்பினார்கள். பலர் குடாநாட்டுக்குத் தெற்கேயுள்ள வன்னிக்குப் போனார்கள்.

கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, ஜேர்மனி என்று போரால் நாட்டை விட்டே சிதறியவர்கள் அங்கு வேரூன்றிப் பின் உறவுகளையும் அழைத்துக்கொண்டார்கள்.

இன்றைய யாழ் மாவட்ட எல்லைக்குள் 1981இல் சுமார் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012இல் அது சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம். அதே காலத்தில் இலங்கையின் மக்கள்தொகை ஒன்றரைக் கோடியிலிருந்து இரண்டு கோடியைத் தாண்டியது. பெரும்பாலான ஆசனங்கள் வாக்காளர் தொகைக்கேற்பப் பங்கிடப்படுவதால், கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆக இருந்த நாடாளுமன்ற ஆசனங்கள் 2024இல் 6 ஆகிவிட்டன.