யாருடைய அறை வெப்பநிலை?

போன வைகாசியில அக்கா ஒரு பிறந்தநாள் ஓடருக்கு அறுபது ட்ரஃபிள் செய்தா. முப்பதுக்கு மாம்பழம், முப்பதுக்குக் கொடித்தோடை. இறக்கக்கண்டியில பஸ் ஏறி, நிலாவெளி தாண்டி, திருகோணமலை டவுனில இறங்கேக்க பெட்டிக்குள்ள அறுபது உருண்டை இல்லை, ஒரே களிதான் கிடந்தது. காசைத் திருப்பிக் குடுத்தாச்சு. "ட்ரஃபிள் இல்லையடா, ட்ரபிள்" எண்டு நான் பகிடி விட்டன், அவ சிரிக்கேல்ல. சொக்லேட்டும் பட்டரும் வாங்கின காசு அவவின்ர ஒரு மாசச் சேமிப்பு.

அண்டைக்கு இரவு அவ பின்பற்றின செய்முறையை எடுத்து வாசிச்சன். கடைசி வரி: "அறை வெப்பநிலையில் வைத்துப் பரிமாறவும்." எங்கட அறையில வைகாசி மத்தியானம் 34 பாகைக்கு மேல போகும். கொக்கோ வெண்ணெய் உருகுறதும் ஏறத்தாழ அதே 34இல. அப்ப யாருடைய அறையைச் சொல்லுறாங்கள்? நான் வரலாறு படிக்கிறவன். இந்தக் கேள்வியை விட்டுட்டு நித்திரை கொள்ள ஏலாமல் போச்சு.

ட்ரஃபிள் பிறந்த அறை குளிரானது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஷாம்பெரி என்ற ஊரில், 1895 டிசம்பரில், லூயி டுஃபூர் என்ற இனிப்புக்காரர் கைவசம் இருந்த பொருட்களை வைத்து இதை உருட்டினார் என்பது அதிகம் சொல்லப்படும் கதை. எஸ்கோஃபியே என்ற பெரிய சமையல்காரரின் அடுக்களையில் தவறுதலாகப் பிறந்தது என்று இன்னொரு கதையும் உண்டு. எது சரியோ, பெயர் வந்தது மண்ணுக்கடியில் விளையும் விலைகூடிய ஒரு காளானிலிருந்து. கொக்கோத் தூளில் புரட்டி எடுத்த உருண்டை மண் ஒட்டிய அந்தக் காளானைப்போல இருக்கும். உள்ளே இருக்கும் கலவைக்குக் 'கனாஷ்' என்று பெயர். வேலை பழகிய பொடியன் ஒருவன் சூடான பாலைச் சொக்லேட்டில் ஊற்றிவிட, முதலாளி "கனாஷ்!" என்று ஏசினாராம். எங்கட பேச்சில சொன்னால், "மண்டு!" அக்காவுக்கு இந்தக் கதை பிடிச்சுது.

ஆனால் சொக்லேட் குளிர்நாட்டில் பிறந்த பொருள் இல்லை. கொக்கோ மரம் அமெரிக்காவின் வெப்பக் காடுகளைச் சேர்ந்தது. மாயா மக்களும் அஸ்டெக் மக்களும் அதை அரைத்து, நுரை பொங்க ஆற்றிக் குடித்தார்கள். சூடான நாட்டுக்காரர் அதைக் குடிபானமாக வைத்திருந்தார்கள், உருகுமோ என்ற கவலை அவர்களுக்கு வந்திருக்காது. கடித்துத் தின்னும் சொக்லேட் ஐரோப்பியத் தொழிற்சாலையின் பிள்ளை. 1828இல் ஒல்லாந்தில் ஃபான் ஹூட்டன் குடும்பம் கொக்கோவிலிருந்து வெண்ணெயைப் பிழிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. 1847இல் இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் அந்த வெண்ணெயைத் திரும்பச் சேர்த்துக் கட்டியாக வார்த்தது. 1879இல் சுவிற்சர்லாந்தில் லிண்ட், மணிக்கணக்காக ஆட்டி ஆட்டி அதைப் பட்டுப்போல ஆக்கினார். வாயில் வைத்ததும் கரைய வேண்டும், கையில் கரையக்கூடாது: உடம்புச் சூட்டுக்கும் அறைச் சூட்டுக்கும் இடையில் உள்ள அந்தச் சின்ன இடைவெளியிலதான் இந்தத் தொழில் முழுக்க நிக்குது. எங்கட ஊரில அந்த இடைவெளியே இல்லை.

இன்னொரு விசயம். பழச்சுவை ட்ரஃபிள் என்று புதுமைபோலச் சொல்கிறோம், ஆனால் கொக்கோவே ஒரு பழம். காயை உடைத்தால் விதைகளைச் சுற்றி வெள்ளையாக, புளிப்பும் இனிப்புமாக ஒரு சதை இருக்கும். அந்தச் சதையோடு விதைகளைக் குவித்து ஐந்தாறு நாள் புளிக்க விட்டால்தான் சொக்லேட் மணமே வரும். பழம் தன்னைக் கரைத்துக் கொட்டைக்கு வாசம் கொடுக்கிறது. பிறகு நாங்கள் கடையில் எசன்ஸ் போத்தல் வாங்கி அந்தப் பழத்தைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறோம். அந்தச் செயற்கைப் பழ மணங்கள்கூட 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் காட்சிக்கு வைக்கப்பட்ட பழைய சரக்குத்தான்.

அந்தக் கொட்டை எங்கட நாட்டிலும் விளையுது. 1869இல் இலங்கையில் கோப்பி இலைகளில் துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் சரிய, வெள்ளைக்காரத் துரைமார் சிங்கோனா, கொக்கோ, தேயிலை என்று ஒவ்வொன்றாக நட்டுப் பார்த்தார்கள். தேயிலை வென்றது எல்லாருக்கும் தெரியும். மாத்தளையிலும் கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கிலும் கொக்கோ நின்றுபிடித்தது. 1890களில் பட்டையை அழுகச் செய்யும் நோய் வந்து நல்ல சிவப்பு இன மரங்களைத் தின்றது. அதையும் தாண்டி மாத்தளையில் இன்றும் கொக்கோ இருக்கிறது.

அந்த மலைக்குக் கூலிக்கு வந்தவர்கள் யார்? தமிழ்நாட்டில் பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தவர்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். கோப்பிக்காக நடந்த அந்தப் பாதையின் முடிவில்தான் பிறகு கொக்கோ நட்டார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்குப் போட்டது. சொக்லேட் வரலாறு எண்டு தேடினால் ஃபான் ஹூட்டனும் லிண்டும் படத்தோட வருவினம். மாத்தளையில கொக்கோக் காய் உடைச்ச ஒரு பொம்பிளையின்ர பேர்கூட வராது. எனக்கு இதிலதான் கோபம்.

எங்கட துறைமுகத்துக்கும் ஒரு சொக்லேட் கதை இருக்கு. பிரித்தானியக் கடற்படை 1957 வரைக்கும் திருகோணமலையில் தளம் வைத்திருந்தது. 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டது இந்தத் தளத்துக்காகத்தான். அந்தக் கடற்படையின் கப்பல்களில் இராக்காவலுக்கு நிற்பவர்களுக்கு ஒரு பானம் உண்டு. கல்லுப்போல இறுகிய சொக்லேட் கட்டியைக் கத்தியால் சீவி, கொதிநீரில் கரைத்து, டின்பால் ஊற்றி, கரண்டி நிமிர்ந்து நிற்கும் அளவுக்குத் தடிப்பாக்கிக் குடிப்பார்கள். அவர்கள் அதைச் சொன்ன பெயர் எங்கட காதுக்குச் சரியாக 'கை' எண்டுதான் கேக்கும். ஆக, கட்டிச் சொக்லேட்டைக் கையில வச்சிருந்தவையும் கடைசியில மாயாக்காரர்போல அதைக் கரைச்சுக் குடிச்சிருக்கினம்.

டின்பால்! அந்த இடத்தில எனக்குப் பொறி தட்டிச்சு. பிரேசிலில் 'பிரிகதேய்ரோ' என்று ஓர் இனிப்பு. 1945 சனாதிபதித் தேர்தலில் எதுவார்து கோமஸ் என்ற விமானப்படைப் பிரிகேடியர் நின்றார். அவருக்குப் பணம் சேர்க்கப் பெண்கள் டின்பாலையும் கொக்கோத் தூளையும் காய்ச்சி உருட்டி விற்றார்களாம். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. பிரிகேடியர் தோற்றுப்போனார், உருண்டை தோற்கவில்லை. இதில் உருண்டையைத் தாங்கிப் பிடிப்பது கொக்கோ வெண்ணெய் இல்லை, நீர் வற்றி இறுகிய பாலும் சீனியும். வெயிலுக்கு அது இளகும், உருகி ஓடாது.

அக்காவிட்ட சொன்னன். கேட்டுட்டு, "இது தொதல் கிண்டுற மாதிரியெல்லோ?" எண்டா. அதேதான். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சட்டியை விட்டுக் கழரும்வரை கிண்டுற அதே வேலை.

முதல் தரம் மாம்பழச் சாறை அப்படியே ஊத்தி, கிண்டக் கிண்ட இறுகாமல் பாயாசமாப் போச்சு. பழத்தில பெரும்பகுதி தண்ணி. அதால அடுத்த தரம் ஒரு கோப்பை மாம்பழக் கூழைத் தனியா, மெல்லிய நெருப்பில, கால் கோப்பையா வத்த வச்சா. பிறகு ஒரு டின் பால், மூண்டு மேசைக்கரண்டி கொக்கோத் தூள், ஒரு கரண்டி பட்டர். சட்டியின்ர அடி தெரியிற அளவுக்குத் திரண்ட பிறகுதான் கூழைச் சேர்த்து, திரும்பவும் கிண்டினா. ஆறவிட்டு, கையில பட்டர் தடவி உருட்டி, வறுத்த தேங்காய்ப்பூவில புரட்டினா. கொடித்தோடைக்கும் இதே கணக்குத்தான், புளிப்புக் கூட எண்டதால சாறு பாதி போதும். பாலைப்பழம் போட்டுப் பாத்ததை நான் இங்க எழுதப் போறதில்லை.

இதை ட்ரஃபிள் எண்டு விக்கலாமோ எண்டு வீட்டில சண்டை. அக்காவுக்கு மனம் ஒப்பேல்ல, "சனம் ஏமாத்திறன் எண்டு சொல்லும்" எண்டா. எனக்கு, காளானே இல்லாத உருண்டைக்குக் காளான்ர பேரை வச்சவங்களை விட நாங்கள் ஒண்டும் பெரிசா ஏமாத்தேல்ல. அதோட 2022 ஆகஸ்டில, டொலர் இல்லாத நேரம், அரசாங்கம் இறக்குமதிச் சொக்லேட்டை நிப்பாட்டினது ஞாபகம் இருக்கு. வெளிநாட்டுக் கட்டியை நம்பித் தொழில் செய்யிறவை அண்டைக்கு என்ன செய்திருப்பினம்? கொக்கோத் தூள், டின்பால், தேங்காய் எண்டால் ஊர்க் கடையிலேயே பாத்துக்கொள்ளலாம். இப்ப பெட்டியில 'மாம்பழக் கொக்கோ உருண்டை' எண்டு எழுதுறா.

போன கிழமை அதே பஸ்ஸில, அதே வெயிலில நாற்பது உருண்டை கொண்டு போனன். முப்பத்தெட்டுப் போய்ச் சேர்ந்தது. மற்ற ரெண்டும் உருகேல்ல, நிலாவெளியில பஸ் நிக்கேக்க நான் சாப்பிட்டது.