பெரிய பிரேக் வண்டியை விரைவில் நிறுத்துமா?

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் கையிலிருந்த பழைய வண்டியைப் பேணி, புதுக்கி, மெருகேற்றி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லாதிருந்தது. கல்முனைக் கரையோர இளைஞர்களோடு கார்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அப்பேச்சு இன்றும் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: பெரிய டிஸ்க், பெரிய பிரேக் பூட்டினால் வண்டி முன்னதைவிடக் குறைந்த தூரத்தில் நிற்குமா?

ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் கூற இயலாத கேள்வி இது. இதற்கான விடை மோட்டார் பந்தயங்களின் வரலாற்றில் பொதிந்து கிடக்கிறது.

டிஸ்க் பிரேக் நேற்று வந்த புதுமையன்று. இங்கிலாந்தின் பிரெடரிக் லாஞ்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும், அதே காலத்தில் பிரான்சின் லூயி ரெனோ செப்பனிட்ட டிரம் பிரேக்கே அடுத்த அரை நூற்றாண்டுக்கு உலகை ஆண்டது. டிரம்மில் ஒரு குறையுண்டு. உராய்வினால் எழும் வெப்பம் மூடிய கிண்ணத்தினுள்ளே அடைபட்டுவிடும். சூடேறச் சூடேற டிரம் விரிவடையும். லைனிங்கின் பிடி தளரும். ஓட்டுநர் எவ்வளவு பலமாக மிதித்தாலும் பிரேக் பிடிக்காது.

விமானச் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் செய்துவந்த டன்லொப் நிறுவனம், ஜாகுவார் நிறுவனத்துடன் இணைந்து அதனைக் காருக்குக் கொண்டுவந்தது. 1953ஆம் ஆண்டின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் காரை டோனி ரோல்ட், டங்கன் ஹமில்டன் இருவரும் ஓட்டி வென்றனர். அப்பந்தயத்தின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது வரலாற்றில் அதுவே முதற்றடவை.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒரேயொரு தடவை மிதிக்கும்போது சக்கரத்தை இறுக்கிப் பிடித்து நிறுத்தும் வலு நல்ல டிரம் பிரேக்குக்கும் இருந்தது. ஜாகுவாரின் அனுகூலம் வேறிடத்தில் இருந்தது. நெடிய நேர்வீதியின் முடிவில் பெருவேகத்திலிருந்து வண்டியைத் தணிக்கும் வேலையை, சுற்றுக்குச் சுற்று, இரவும் பகலும், பிடி தளராமல் அந்த டிஸ்க்குகள் செய்தன. மற்றவர்கள் பிரேக்கைக் காப்பாற்றுவதற்காக முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஜாகுவார் ஓட்டுநர்களோ துணிந்து பிந்தி மிதித்தனர்.

வண்டி நிற்கும் தூரத்தை இறுதியில் தீர்மானிப்பது டயருக்கும் வீதிக்கும் இடையிலான பிடிப்பே. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார், உலர்ந்த தார்வீதியில் நல்ல டயர்களுடன் நிற்க ஏறக்குறைய 50 மீற்றர் வேண்டும். ஓட்டுநரின் மூளை விழித்துக் கால் மிதிப்பதற்கு ஒரு விநாடி சென்றால், அதற்குள் மேலும் 28 மீற்றர் கழிந்துவிடும். ஈரவீதியில் பிடிப்பு பாதியானால் 50 மீற்றர் 100 ஆகும். காரின் எடை கூடினும் குறையினும் இக்கணக்குப் பெரிதும் மாறுவதில்லை. வேகம் இரட்டித்தாலோ தூரம் நான்கு மடங்காகும்.

கம்பனி பூட்டிய பிரேக்கே சக்கரத்தை இறுக்கிப் பூட்டும் வலுவுடையதாயின், அல்லது ஏபிஎஸ் இயங்கும் எல்லைவரை அதனைக் கொண்டுசெல்லுமாயின், அதற்கு மேல் எத்தனை பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த ஒரு நிறுத்தத்தின் தூரம் குறையாது. வலு பிரேக்கில் மிஞ்சிக் கிடக்கும். பிடிப்பு டயரில் தீர்ந்துபோயிருக்கும். அறுவடைக் காலத்தில் நமது வீதியோரங்களில் நெல் காயவைக்கிறோம். கடற்காற்று மணலைக் கொண்டுவந்து தாரின்மேல் பரப்புகிறது. நெல்மணியின்மீதும் மணலின்மீதும் உருளும் டயருக்கு டிஸ்க்கின் விட்டம் என்னவென்பது தெரியாது.

அப்படியாயின் பெரிய பிரேக் வீண்தானா? அதுவுமன்று. ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீற்றரிலிருந்து ஒரு தடவை நிற்கும்போது பிறக்கும் வெப்பம், ஒரு லீற்றருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இதனை அடுத்தடுத்துப் பத்துத் தடவை செய்தால் அவ்வெப்பம் எங்கே போவது? கனத்த டிஸ்க் அதனைத் தாங்கிக்கொள்ளும். அகன்ற பரப்பு காற்றுக்கு விரைவில் விட்டுக்கொடுக்கும். பெரிய பிரேக்கின் பயன் முதல் மிதிப்பிலன்று, பத்தாவது மிதிப்பில் தெரியும்.

கார் உற்பத்தியாளர்களும் காரணத்துடனேயே பிரேக்கைப் பெரிதாக்கினர். இலங்கையர் பலரும் பாசத்தோடு நினைவுகூரும் மொரிஸ் மைனர் 1948இல் வெளிவந்தபோது அதன் டிரம்கள் 7 அங்குலம். 1962இல் 1098 சிசி இயந்திரம் வந்தபோது முன்சக்கர டிரம்கள் 8 அங்குலமாயின. 1961இன் மினி கூப்பர் 7 அங்குல முன் டிஸ்க்குகளுடன் வந்தது. 1963இன் கூப்பர் எஸ் அதைவிடத் தடித்த 7.5 அங்குல டிஸ்க்குகளையும், மிதிப்புக்கு உதவும் சேர்வோவையும் பெற்றது. வேகம் கூடியதால் பிரேக் கூடியது. பிரேக் மட்டும் தனித்து வளரவில்லை.

எங்கே ஓடுகிறோம் என்பதும் முக்கியம். நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் வண்டி மேல்நோக்கிச் சில நிமிடங்களுக்குள் ஓடி முடித்துவிடும். புவியீர்ப்பே பாதி பிரேக். விமான ஓடுதளத்தில் நடைபெற்ற கட்டுகுருந்தைப் பந்தயத்திலோ, சென்னைக்கு அருகே சோழவரத்திலோ நேர்ப்பாதையில் பெற்ற வேகம் முழுவதையும் வளைவுக்கு முன் களைந்தாக வேண்டும். நம் கரையோரம் மேசைபோல் சமதளம். ஆனால் இங்கிருந்து மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போய்த் திரும்பும் லொறிக்காரரிடம் பதினெட்டு வளைவு இறக்கத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பிரேக் சூடாவதென்றால் என்னவென்று அவர் சொல்வார். தாழ்ந்த கியரில் இறங்குவதே அங்கு உயிர்காக்கும் கலை.

தவறாகப் பூட்டிய பெரிய பிரேக் தீங்கும் செய்யும். முன்சக்கரத்துக்கு மட்டும் பெரிதாகப் பூட்டினால், பின்சக்கரம் தன் பங்கைச் செய்வதற்கு முன்பே முன்சக்கரம் இறுகிவிடும். நிற்கும் தூரம் கூடக்கூடும். பின்சக்கரத்தில் வலு மிகுந்தால் வண்டி சுழன்றுவிடும். பெரிய பிஸ்டன்களுக்குப் பழைய மாஸ்டர் சிலிண்டர் ஈடுகொடுக்காவிட்டால் மிதி ஆழத்துக்கு இறங்கும். ஏபிஎஸ் கூடப் பழைய அளவுகளுக்கே பழக்கப்பட்டிருக்கும்.

வரலாறு விட்டுச்சென்ற கசப்பான பாடமொன்றும் உண்டு. 1955 ஜூன் 11ஆம் திகதி, அதே லெ மானில், டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவாரில் மைக் ஹோதோர்ன் பிட் நோக்கி வேகத்தைத் தணித்தார். பின்னால் வந்த லான்ஸ் மக்ளின் ஒஸ்டின் ஹீலியை விலக்கினார். அதற்கும் பின்னால் பெருவேகத்தில் வந்த பியர் லெவேயின் மெர்சிடிஸ் அதன்மீது ஏறிப் பறந்து சிதறியது. லெவேயும் பார்வையாளர்களுமாக எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த மெர்சிடிஸில் டிரம் பிரேக்கும், காற்றைத் தடுக்கும் பெரிய மடிப்புத் தகடும் இருந்தன. விசாரணை எந்த ஓட்டுநர்மீதும் குற்றஞ்சாட்டவில்லை; பாதையின் குறுகலும் பிட்டின் அமைப்பும் பெருங் காரணங்களாயின. ஆயினும் ஒன்று தெளிவு: ஒரே பாதையில் வெவ்வேறு வேகத்தோடும் வெவ்வேறு வலுவோடும் வண்டிகள் ஓடும்போது, நாம் நிற்பது மட்டும் போதாது, பின்னால் வருபவனும் நின்றாக வேண்டும். பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் சைக்கிளும் மாடும் ஒன்றாய்ச் செல்லும் நமது பிரதான வீதிக்கு இதைவிடப் பொருத்தமான பாடமில்லை.

எனவே, செலவு செய்ய விரும்பும் தம்பிமாருக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் நல்ல டயர். அடுத்து பிரேக் ஒயில். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, ஈரம் ஏறினால் கொதிநிலை தாழும், கரையோரத்தில் வாழும் நாம் இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றுவது நன்று. பிறகு தரமான பேட். வண்டியைப் பந்தயத்துக்கோ நெடிய மலையிறக்கத்துக்கோ கொண்டுபோகிறவர், நான்கு சக்கரத்தையும் கணக்கிட்டு ஒரு தொகுதியாகச் செய்யத் தெரிந்தவரிடம் பெரிய பிரேக் பூட்டிக்கொள்ளட்டும். சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே ஓடுகிறவருக்கு, மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் குறைத்து ஓட்டுவதே காசு செலவில்லாத பெரிய பிரேக்.