தீப்பெட்டிக்குள் ஒரு விளக்கு

பட்டாசின் சத்தத்திற்கு வரம்பு கட்டிய அரசாணை 1999 அக்டோபரில் வந்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டும் வெடியைச் செய்யவோ விற்கவோ கொளுத்தவோ கூடாது. சரவெடிக்குத் தனிக் கணக்கு. வெடிகளின் எண்ணிக்கைக்கு மடக்கை கண்டு, ஐந்தால் பெருக்கி, வரம்பிலிருந்து கழிக்க வேண்டும். நூறு வெடிச் சரமென்றால் ஒவ்வொரு வெடிக்கும் 10 டெசிபல் குறைவு. (2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடியையே தடை செய்துவிட்டதால் இது இப்போது ஏட்டுச் சுரைக்காய்.) சிவகாசிக்காரர்கள் இந்த வரம்பை மருந்தின் எடையிலும் காகிதச் சுற்றிலும் முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். திரி பற்றியபின் குறைக்க வழியில்லை.

ஒலிக்கும்போதே சத்தத்தைக் குறைக்கும் கருவியை நான் தேடிப் போனது, என் ஸ்டீரியோவின் ட்வீட்டர் இரண்டாம் முறை எரிந்த பிறகு. அதற்கு லிமிட்டர் என்று பெயர். பேச்சாளர் திடீரெனக் குரலுயர்த்தினால் ஒலிபரப்பி திணறும் என்பதால் வானொலி நிலையங்களுக்கு 1930களிலேயே அது தேவைப்பட்டது. 1960களில் கலிஃபோர்னியாவின் ஜிம் லாரன்ஸ், ஏவுகணைகளுக்கான ஒளி உணரிகளில் பணியாற்றியவர், எல்.ஏ.2ஏ என்ற கருவியைச் செய்தார். சத்தம் கூடினால் உள்ளே ஒரு தகடு ஒளிரும். அவ்வொளி பட்டதும் எதிரே உள்ள மின்தடையின் தடை சரியும். ஒலியின் ஒரு பகுதி அதன் வழியே கசிந்து போய்விடும். சத்தம் அடங்கிய பின்னும் அந்த மின்தடை வெளிச்சத்தைச் சட்டென மறப்பதில்லை. பாட்டின் அளவு மெல்ல மீள்வது அதனால்தான்.

இதை வீட்டிலும் செய்யலாம். ஒரு எல்.இ.டி., இரண்டு எல்.டி.ஆர்., சில மின்தடைகள், டயோடுகள். ஒளி புகாத கூடு வேண்டும். கறுப்பு நாடா சுற்றிய சிவகாசித் தீப்பெட்டியே போதும். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டிலிருந்து எல்.இ.டி.க்கு மின்சாரம், எல்.டி.ஆர்.கள் உள்ளீட்டில். இரு பக்கத்திற்கும் பொதுவாக ஒரே விளக்குதான் இருக்க வேண்டும். தனித்தனியே வைத்தால் ஒரு பக்கம் மட்டும் தணிந்து, நடுவில் நின்று பாடுபவர் மறுபக்கம் நகர்ந்துவிடுவார். எல்.டி.ஆர்.களோ ஒரே பொட்டலத்தில் வாங்கினாலும் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. பத்து வாங்கி, மல்டிமீட்டரில் அளந்து, இரண்டைத் தேறினேன். முழு வேலையிலும் பொறுமையைச் சோதித்தது இதுதான்.

நாதஸ்வரமும் தவிலும் அடங்கிவிட்டன. அடங்காத ஒன்று உண்டு. எல்.டி.ஆர். விழித்துக்கொள்ளச் சில மில்லிசெகண்டுகள் ஆகும்; வெடியின் உச்சமோ அதற்குள் கடந்துவிடும். படத்தில் வெடிச் சத்தம் வரும்போது, என் தீப்பெட்டிக் காவலாளி கண் திறப்பதற்குள் அது ட்வீட்டருக்குப் போய்விடுகிறது.