அபாய மணியின் வரலாறு: அபர்டீன் முதல் ஆழிப்பேரலை வரை

அந்தமான் தீவுகளின் தலைநகரில் அபர்டீன் பஜார் என்னும் கடைத்தெரு இருக்கிறது. மணிக்கூண்டைச் சுற்றிலும் துணிக்கடை, மளிகைக்கடை, பாத்திரக்கடை என வரிசை வரிசையாக அமைந்துள்ள அவ்வீதியில் தமிழொலியைக் கேளாமல் நடத்தல் அரிது. போர்ட் பிளேர் என வழங்கிவந்த அந்நகருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் செய்யப்பெற்றது. ஆயினும் அபர்டீன் என்ற பெயர் மக்கள் நாவில் நிலைத்தே நிற்கிறது. அப்பெயருக்கும், இன்று வீடுகளிலும் கடைகளிலும் பொருத்தப்பெறும் கம்பியில்லா அபாய மணிக்கும் உள்ள தொடர்பை இங்கே ஆராய்வோம்.

அபாய அறிவிப்பு எதுவாயினும் அதற்கு மூன்று உறுப்புகள் உண்டு. ஆபத்தை முன்னரே காணும் கண் ஒன்று. கண்டதைக் கொண்டுசெல்லும் தூது ஒன்று. கேட்டு எழும் செவி ஒன்று. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஏனைய இரண்டும் பயனற்றுப் போகும். அந்தமான் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

1858-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், முந்திய ஆண்டின் புரட்சியிலே சிறைப்பட்டோர் இருநூறு பேருடன் ஆங்கிலேயர் இங்கே கைதிகள் குடியிருப்பை நிறுவினர். தங்கள் காடு அழிக்கப்படுவதைக் கண்ட அந்தமான் பழங்குடியினர், 1859-ஆம் ஆண்டு மே மாதத்தில் அபர்டீன் மீது பெரும்படையாகத் திரண்டனர். தப்பியோடி அம்மக்களிடையே ஓராண்டுக்கு மேல் வாழ்ந்த தூத்நாத் திவாரி என்ற கைதி, தாக்குதலுக்குச் சற்று முன்னர் ஓடிவந்து செய்தி சொன்னான். ஆங்கிலேயர் விழித்துக்கொண்டனர், வில்லும் அம்பும் துப்பாக்கிக்கு ஈடாகவில்லை. திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது; அவனுக்கு அடைக்கலம் தந்த மக்களுக்கோ மரணமே கிடைத்தது. எச்சரிக்கை என்பது யாருக்குச் செல்கிறதோ அவரையே காக்கும் என்ற கசப்பான பாடத்தை அபர்டீன் நமக்கு உணர்த்துகிறது.

அக்காலத்தில் தூது என்பது மனிதனின் கால்களையோ கப்பலின் பாய்களையோ நீராவியையோ நம்பியிருந்தது. 1872-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் மாலை, வைசிராய் மேயோ பிரபு இதே துறைமுகத்தின் எதிர்க்கரையில் ஷேர் அலி என்ற கைதியால் குத்திக் கொல்லப்பட்டார். நாட்டின் தலைமை ஆட்சியாளர் மறைந்த செய்தியும்கூட கடலைக் கடந்து கப்பலிலேதான் செல்ல வேண்டியிருந்தது. தீவிலே தந்தி இல்லை.

இதற்கிடையில் மேனாட்டில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. 1853-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியைச் சார்ந்த அகஸ்டஸ் போப் என்பார், கதவோ சன்னலோ திறந்தவுடன் ஒலிக்கும் மின்சார மணிக்குக் காப்புரிமை பெற்றார். அது கம்பியால் இயங்கியது. கம்பியை அறுத்தால் கள்வனுக்கு வழி திறந்துவிடும் என்பதே அதன் குறை. அக்குறையை நீக்கும் வழியை நம் நாட்டவர் ஒருவரே உலகுக்குக் காட்டினார். 1895-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவரை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். இன்றைய கம்பியில்லா மணிகளுக்கெல்லாம் அம்மணியையே மூத்தது எனலாம்.

பத்தாண்டுகளுக்குள் அந்த அலை அந்தமானையும் அடைந்தது. 1905-ஆம் ஆண்டில் போர்ட் பிளேருக்கும் பர்மாக் கரையை அடுத்த டைமண்ட் தீவுக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி இயங்கலாயிற்று. அதன் ஆற்றலை இந்துமாக்கடல் விரைவிலேயே கண்டது. 1914-ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய எம்டன் கப்பலை அறியாத தமிழர் இலர். அதே கப்பல் நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவுகளில் ஒன்றான டைரக்ஷன் தீவின் தந்தி நிலையத்தை அழிக்கச் சென்றது. அந்நிலையத்தார் உடனே அபாயச் செய்தி அனுப்பினர். எம்டன் தன் அலைகளால் அதனைக் குழப்ப முயன்றது. கரையிறங்கிய வீரர் கம்பத்தையும் சாய்த்தனர். ஆனால் செய்தி முன்னரே போய்விட்டது. அருகே சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி விரைந்து வந்து எம்டனை வீழ்த்தியது. கண்ணும் தூதும் செவியும் ஒருங்கே அமைந்ததால் வந்த வெற்றி அது.

இனி, செவி இல்லாமற் போனதால் வந்த துயரத்தைக் கூறுவோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை 6 மணி 28 நிமிடத்திற்குச் சுமாத்திரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்திலிருந்து ஏழரை மணியளவில் சென்னைக்கு நிலநடுக்கச் செய்தி வந்தது. ஏறக்குறைய 7 மணி 50 நிமிடத்திற்குத் தீவில் எங்கும் நீர் சூழ்ந்துள்ளது என்ற கடைசிச் செய்தி வந்தது. பின்னர் ஒலி அடங்கிற்று. அந்த அலையே தமிழகக் கரையை அடைய இன்னும் நேரம் இருந்தது. நாகப்பட்டினத்து மீனவக் குப்பங்களுக்கு அச்செய்தியைச் சேர்க்கும் ஏற்பாடுதான் இல்லை. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அதே நாளில் புதுவையை அடுத்த நல்லவாடு கிராமத்தில் நடந்தது வேறு. சிங்கப்பூரில் பணியாற்றிய அவ்வூர் மகன் ஒருவர் ஆபத்தை அறிந்து தொலைபேசியில் தெரிவித்தார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி முழங்கிற்று. மூவாயிரத்திற்கு மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர். அயலூரில் வாழும் தமிழன் ஒருவன் தன் ஊரையே காத்த வரலாறு இது.

அந்நாளில் போர்ட் பிளேரில் ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிலையத்தைச் சார்ந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவர் குழுவினரும் சிற்றலை வானொலியுடன் தங்கியிருந்தனர். தொலைபேசிகள் செயலிழந்த நிலையில், தீவினர் உயிருடன் உள்ளனரா என்று தவித்த உறவினருக்கு அவர்கள் வழியே செய்தி சென்றது.

இத்துயரத்தின் பயனாக, 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பெற்றது. கடலடியில் நீரழுத்தத்தை அளக்கும் கருவி ஒலியலை மூலம் மேலுள்ள மிதவைக்குச் சொல்ல, மிதவை செயற்கைக்கோள் வழியே மையத்திற்குச் சொல்கிறது. கடலிலிருந்து கரைக்குக் கம்பி ஏதும் இல்லை.

வீட்டிலும் கடையிலும் வைக்கும் அபாய மணி இதன் சிற்றுருவமே. கதவிலுள்ள காந்த விசை, ஆள் நடமாட்டத்தை உடல்வெப்பத்தால் உணரும் கருவி, புகை உணரி ஆகியவை கண்கள். இவை மின்கலத்தால் இயங்கி, வானொலி அலை மூலம் நடுப்பெட்டிக்குச் செய்தி விடுக்கின்றன. பெட்டி மணியை முழக்குவதுடன், உரியவரின் கைபேசிக்கும் தகவல் அனுப்புகிறது. சுவரைத் துளைக்க வேண்டுவதில்லை. உப்புக்காற்று அரிக்கச் சுவர்தோறும் கம்பி இல்லை. மின்சாரம் நின்றாலும் மின்கலம் காக்கும். அபர்டீன் பஜார் வணிகருக்கு இவை பெரிய நலன்கள். சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் கடலடிக் கம்பிவடம் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பெற்றபின், தீவிலிருந்தவாறே தமிழகத்துப் பூட்டிய வீட்டைக் கண்காணிப்பதும் எளிதாயிற்று. ஊரிலே தனித்திருக்கும் முதியோர் அழுத்துவதற்கென அபாயப் பொத்தானும் உண்டு.

ஆயினும் எம்டன் செய்ததைக் கள்வனும் செய்யலாம். அலையை அலையால் குழப்பலாம். ஆகவே கருவிகளைக் குறித்த இடைவெளியில் வினவி, ஏதேனும் ஒன்று வாய் திறவாவிடின் அதனையே ஆபத்தாகக் கருதி அறிவிக்கும் பெட்டியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். மின்கலத்தை உரிய காலத்தில் மாற்றுதலும், மாதம் ஒருமுறை மணியைச் சோதித்தலும் இன்றியமையாதன.

எல்லாவற்றிற்கும் மேலாக, மணி ஒலித்தால் ஓடிவருபவர் யார் என்பதை முன்னரே உறுதிசெய்து கொள்க. ஆயிரம் கல் தொலைவில் வாழும் நமக்குக் கைபேசி செய்தி சொல்லும். கதவைத் தட்டிப் பார்ப்பவர் அண்டை வீட்டாரே. கருவி வாங்கும் நாளிலேயே அவர் எண்ணையும் அதில் சேர்த்து, அவரிடம் ஒரு சொல் சொல்லி வைப்பது நம் கடமை.