613-ல் இரண்டு

ராயப்பன்பட்டியில் ஒரு பிள்ளையை நிறுத்தி, பத்துக் கட்டளைகளை ஒப்பிக்கச் சொல்லுங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் கத்தோலிக்கர்கள் நிறைய வாழும் ஊர். மடமடவென்று சொல்லிவிடும். அப்படியே தேனிக்கு வந்து ஒரு சி.எஸ்.ஐ. பிள்ளையைக் கேளுங்கள். அதுவும் பத்துதான் சொல்லும். ஆனால் விபசாரம் கூடாது என்பது கத்தோலிக்கருக்கு ஆறாவது கட்டளை, இங்கே ஏழாவது! வசனம் ஒன்றுதான், பிரிக்கிற இடம்தான் வேறு.

பத்துக்கே இந்தப் பாடு. யூதர்களுக்கு மொத்தம் 613.

இந்த எண்ணைச் சொன்னவர் மூன்றாம் நூற்றாண்டு ரபி சிம்லாய். 'செய்' என்பவை 248, மனித உடலின் உறுப்புகள் அத்தனை என்று அவர்கள் கணக்கு. 'செய்யாதே' என்பவை 365, வருஷத்தின் நாட்கள். பற்று வரவு மாதிரி இரண்டே பத்தி. இன்னொரு பிரிவினையும் உண்டு. திருடாதே போன்றவை புத்திக்கே எட்டும். பாஸ்கா மாதிரிப் பண்டிகைகள் பழசை நினைவூட்ட. மூன்றாவது ரகம், காரணமே கேட்கக்கூடாது. கம்பளியும் லினனும் கலந்து நெய்த துணியை உடுத்தாதே என்றால் உடுத்தாதே, அவ்வளவுதான்.

சிம்லாய் எண்ணைத்தான் சொன்னார், பட்டியல் தரவில்லை. எது எது அந்த 613? ஆளுக்கு ஆள் ஒரு கணக்கு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற மேதை, எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது என்று 14 விதிகள் வகுத்து ஒரு பட்டியல் போட்டார். அதிலும் பெரும்பகுதி இன்று நடைமுறையில் கிடையாது. பலி கொடுக்க ஜெருசலேம் ஆலயம் வேண்டுமே! அதைத்தான் கி.பி. 70-ல் ரோமானியர்கள் இடித்துவிட்டார்களே.

இந்த மைமோனிடிசுக்கு இந்தியா என்றாலே வலி. வியாபாரத்துக்காக இங்கே கிளம்பிய தம்பி டேவிட், குடும்பப் பணத்தோடு இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போனார். அண்ணன் ஒரு வருஷம் படுத்த படுக்கை. பிழைப்புக்கு வைத்தியத்தில் இறங்கியது அதற்குப் பிறகுதான். பிற்காலத்தில் பிரான்சில் இருந்த அறிஞர்களுக்கு எழுதிய கடிதத்தில், இந்திய யூதர்களுக்கு வேதம் தெரியாது, சனிக்கிழமை ஓய்வும் எட்டாம் நாள் விருத்தசேதனமும்தான் அவர்களிடம் உண்டு என்று எழுதினார். ஆக, 613-ல் இரண்டு!

யாரைச் சொன்னாரோ, கேட்டதும் கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். செக்கு ஆட்டி எண்ணெய் எடுப்பது தொழில். சனிக்கிழமை செக்கு ஓடாது. அதனாலேயே ஊரார் வைத்த பெயர் 'ஷனிவார் தேலி', சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள். ரபி கிடையாது, படிப்பிக்க ஆள் கிடையாது. ஆனாலும் அந்த ஒரு நாளை விடவில்லை.

1948-க்குப் பிறகு இவர்களில் ஆயிரக்கணக்கானோர் இஸ்ரேல் போனார்கள். அங்கே காத்திருந்தது வில்லங்கம். விவாகரத்துக்குக் கட்டளை இருக்கிறது. பிள்ளையில்லாமல் இறந்த அண்ணனின் மனைவி விஷயத்தில் தம்பிக்கும் கட்டளை இருக்கிறது. இவற்றை நீங்கள் சரியாகக் கடைப்பிடித்தீர்களா? இல்லையென்றால் உங்கள் பாட்டியின் மறுமணம் செல்லுமா? 1962-ல் தலைமை ரபிகள், மற்ற யூதர்களை மணக்க விரும்பும் பெனே இஸ்ரேல்களின் பூர்வீகத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி விசாரிக்க உத்தரவு போட்டார்கள். எண்ணெய்ச் செக்கை நிறுத்தி வைத்ததற்கு அந்த விசாரணையில் மார்க் இல்லை!

அவர்கள் தெருவில் இறங்கினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். 1964-ல் இஸ்ரேல் நாடாளுமன்றம், இவர்கள் எல்லா விதத்திலும் யூதர்களே என்றது. ரபிகள் உத்தரவைத் திரும்பப் பெறவில்லை, திருத்தினார்கள். 'பெனே இஸ்ரேல்' என்ற பெயரை எடுத்துவிட்டு, பூர்வீகத்தில் சந்தேகமுள்ள எவரையும் விசாரிக்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள்.